வாங்கினாரா, விற்றாரா? காண்டனீஸ் கற்பதில் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாங்குவதற்கும் விற்பதற்கும் காண்டனீஸில் அசை ஒன்றுதான்: மாய். குரல் தாழ்விலிருந்து லேசாக மேலேறினால் வாங்குவது. ஏறாமல் தாழ்விலேயே நேராக நின்றால் விற்பது. ஹாங்காங்வாசி ஒருவர் தன் நண்பரைப் பற்றி "கொய் மாய் ஜோ லவ்" என்று சொன்னால், அந்த நண்பர் வீடு வாங்கியிருக்கலாம். இருந்த வீட்டை விற்றும் இருக்கலாம். பேச்சின் சூழலை வைத்து ஊகித்துவிடலாம் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. இரண்டுமே ஒரே இடத்தில், ஒரே முகபாவத்தோடு சொல்லக்கூடிய செய்திகள்.

ஹாங்காங், மக்காவ், சீனாவின் குவாங்டோங் மாகாணம், மலேசியாவில் கோலாலம்பூர், ஈப்போ என்று பல கோடிப் பேரின் நாவில் புழங்கும் மொழி இது. ஹாங்காங்கில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 88 சதவீதம் பேருக்கு அன்றாடப் பேச்சுமொழி இதுதான். வேலைக்காகவோ ஆர்வத்தாலோ இதைக் கற்கத் தொடங்கும் தமிழர்களை முதல் மாதத்திலேயே தடம் மாற்றிவிடும் நம்பிக்கைகள் சில உண்டு. என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். காண்டனீஸில் ஒரு சொல்லின் ஒலியும் பொருளும் வாக்கியத்துக்குள் இருக்கும்போதுதான் முழுதாகப் பிடிபடும். அகராதியில் சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில் கிடக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தாண்டிப் போகிறவர்கள், படிக்க வேண்டிய பகுதியையே விட்டுவிடுகிறார்கள்.

தொனிகளைக் குறிக்க 1 முதல் 6 வரை எண் இடுவது வழக்கம். ஹாங்காங் மொழியியல் கழகம் 1993-இல் வகுத்த யூட்பிங் முறையிலிருந்து வந்தது அது. கீழே தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணையே தருகிறேன். மாய்-5 என்றால் வாங்குவது, மாய்-6 என்றால் விற்பது.

"ஒன்பது தொனியாம், நமக்கெல்லாம் வராது"

ஒன்பது என்பது பழைய கணக்கு. பிரித்துக் கேட்க வேண்டிய தொனிகள் ஆறு: உயர்ந்து நேராக நிற்பது, மேலேறுவது, நடுவில் நேராக நிற்பது, தாழ்ந்து இறங்குவது, தாழ்விலிருந்து லேசாக ஏறுவது, தாழ்வில் நேராக நிற்பது. ப், ட், க் என்று வெடுக்கென நிற்கும் அசைகளைப் பழைய இலக்கணம் தனித் தொனிகளாக எண்ணியதால் மேலும் மூன்று சேர்ந்தன. அவற்றின் உயரம் 1, 3, 6 ஆகியவற்றின் உயரமேதான்.

இந்த வரிசையை நினைவில் வைக்க ஹாங்காங்கில் எண்களையே சொல்லித் தருகிறார்கள்: மூன்று, ஒன்பது, நான்கு, பூஜ்யம், ஐந்து, இரண்டு. ஸாம்-1, கவ்-2, ஸேய்-3, லிங்-4, ங்-5, யீ-6. ஆறு எண்களும் ஆறு தொனிகளில், வரிசை மாறாமல் அமைந்திருக்கின்றன. தொடர்ந்து ஏழு, எட்டு, ஆறு சொன்னால் (சட்-1, பாட்-3, லுக்-6) பழைய கணக்கின் ஒன்பதும் வந்துவிடும்.

இசைஞானம் வேண்டும், சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் வீண் பயம். கோலாலம்பூர், ஈப்போ பக்கம் சந்தையிலும் வேலையிடத்திலும் பழகிப் பழகியே காண்டனீஸ் சரளமாகப் பேசும் தமிழர்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொற்பட்டியல் கொடுக்கவில்லை. அவர்கள் காதில் விழுந்தது விலை கேட்கும் வாக்கியமும் வேலை ஏவும் வாக்கியமும்தான்.

"முதலில் சொல்லைத் துல்லியமாகச் சொல்லப் பழகு, வாக்கியம் பிறகு"

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் அதிகக் கெடுதல் செய்கிறது.

1, 3, 6 மூன்றும் ஏறாமல் இறங்காமல் நேராக நிற்கும் தொனிகள். அவற்றுக்குள் வித்தியாசம் உயரத்தில் மட்டும்தான். அந்த உயரமோ ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பெண் 6-ஆம் தொனியில் சொல்வது, கனத்த குரல் கொண்ட ஆண் 3-ஆம் தொனியில் சொல்வதைவிட மேலே ஒலிக்கலாம். தம்பூரா இல்லாமல் ஒற்றைச் சுரத்தை மட்டும் பாடிக் காட்டினால் அது சட்ஜமா பஞ்சமமா என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா? அதே நிலைமைதான் இது. முன்பின் அறியாத ஒருவர் குரலில் ஒற்றை அசையைக் கேட்டால் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே 3-க்கும் 6-க்கும் இடையில் தடுமாறுவார்கள். பேட்ரிக் வாங், ராண்டி டீல் என்ற ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு சொல்லின் ஒலிப்பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சூழ்ந்த வாக்கியத்தின் சுருதியை மட்டும் உயர்த்தினார்கள், தாழ்த்தினார்கள். கேட்டவர்களின் காதில் அதே ஒலி வேறு வேறு சொல்லாக விழுந்தது. வாக்கியம் மேலே போனால் சொல் தாழ்ந்த தொனியாகவும், வாக்கியம் கீழே வந்தால் உயர்ந்த தொனியாகவும் கேட்டது.

ஆக, சொல்லின் தொனியை அளக்கும் கோல் பக்கத்துச் சொற்களில் இருக்கிறது. ஒற்றைச் சொல்லை நூறு தடவை ஒலிக்கவிட்டுக் கேட்பவர் அந்தக் கோலைக் கீழே வைத்துவிட்டு அளக்கிறார்.

தமிழ் பேசுகிறவர்களுக்குக் கூடுதலாக இன்னொரு சிக்கல். சொற்பட்டியலை வாய்விட்டுப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் குரலைச் சற்றே தூக்கி, கடைசிச் சொல்லில் இறக்குவது நம் இயல்பு. "கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். காண்டனீஸ் பட்டியலையும் அதே இழுவையில் படித்தால் நேராக நிற்க வேண்டிய தொனியெல்லாம் ஏறுதொனியாகப் பதிந்துவிடும். அப்படிப் படிந்ததைப் பிற்பாடு உதறுவது மிகக் கடினம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களிலும் இரண்டு ரகம் தேவை என்பது என் கருத்து. ஒன்று காதுக்கு, இன்னொன்று பொருளுக்கு. தொடக்கத்தில் சொன்ன வீட்டு வாக்கியம் முதல் ரகம். கொய்-5 மாய்-5 ஜோ-2 லவ்-2, கொய்-5 மாய்-6 ஜோ-2 லவ்-2: இரண்டிலும் மற்ற அசைகள் இம்மியும் மாறவில்லை. முதல் வாக்கியத்தில் கொய், மாய் இரண்டும் ஒரே அளவில் ஏறுகின்றன. இரண்டாவதில் கொய் ஏறி நிற்க, மாய் ஏற மறுக்கிறது. காது பழகுவது இந்த ஒப்பீட்டில்தான். இரண்டாவது ரகத்தில் தப்பாகப் புரிந்துகொள்ளவே வழி இருக்கக் கூடாது. கொய்-5 மாய்-6 ஜோ-2 சங்-4 லவ்-2 வான்-4 ஜாய்-3, அதாவது "அவர் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்". கடனை அடைப்பது என்று வந்த பிறகு விற்பதைத் தவிர வேறு எதுவும் அங்கே பொருந்தாது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகத்தோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் பொருள் தெரிந்த பலருக்குக் காது தேறுவதில்லை.

"தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்"

பாதி உண்மை. ஆங்கில வழியில் கற்கிறவர்கள் திணறும் இடங்கள் சிலவற்றை நாம் எளிதாகக் கடப்போம். காண்டனீஸில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். காய்-1 என்றால் தெரு, கய்-1 என்றால் கோழி. ஸாம்-1 மூன்று, ஸம்-1 இதயம். தமிழ்க் காதுக்கு இதில் குழப்பமே வராது. ஙோ-5 (நான்) என்று 'ங'வில் தொடங்கும் சொல்லும் நமக்குப் பயமில்லை.

சிக்கல் மூன்று இடங்களில். தொனி எழுத்தில் வராது என்பது தெரிந்ததே. எண் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டாவது, மூச்சொலி. பாவ்-2 என்பதைக் காற்று வராமல் சொன்னால் "வயிறு நிறைந்துவிட்டது", காற்றோடு சொன்னால் "ஓடு". தொனி ஒன்றே, தமிழ் எழுத்தும் ஒன்றே. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பேசிப் பாருங்கள். ஓடும்போது காகிதம் அசைய வேண்டும்; வயிறு நிறையும்போது அசையக் கூடாது.

மூன்றாவது, நம் பிறவிக்குணமான உகரம். வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நம் நாக்கு ஒப்பாது. கப் கப்பு ஆகும், பேட் பேட்டு ஆகும். ஸிக்-6 (சாப்பிடு) நம் வாயில் ஸிக்கு ஆகிவிடும். ஓரசை ஒரு சொல்லாக நடக்கும் மொழியில் அந்த உகரம் கேட்பவருக்கு இல்லாத ஒரு சொல்லைக் கொண்டுவந்து நுழைக்கிறது. ஸப்-1 (ஈரம்), ஸட்-1 (இழப்பு), ஸக்-1 (அடைப்பு) மூன்றையும் சொல்லிப் பாருங்கள். உதட்டையோ நாக்கையோ அந்த இடத்துக்குக் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட வேண்டும், வெடிக்கக் கூடாது. தனியாகச் சொன்னால் இந்த மூன்றும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். "ஸக்-1 சே-1" என்று அடுத்த சொல்லோடு சேர்த்தால் போக்குவரத்து நெரிசல் என்று பளிச்சென்று விளங்கும்.

"ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி, ஒரு பொருள்"

ஹாங்காங்கின் பதினாறு, பத்தொன்பது இருக்கை மினிபஸ்களில் இறங்க வேண்டிய இடத்தைப் பயணியே குரல் கொடுத்துச் சொல்வது நெடுநாள் வழக்கம். "காய்-1 ஹவ்-2 யவ்-5 லோக்-6!" தெருமுனையில் ஆள் இறங்கணும். ஓட்டுநர் கையைச் சற்றே உயர்த்தினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். இதில் வரும் லோக்-6 என்ற சொல்லுக்கு அகராதி "இறங்கு, விழு" என்று தரும். வண்டியிலிருந்து இறங்கியதும் மழை பிடித்துக்கொள்கிறது: லோக்-6 யூ-5, மழை பெய்கிறது. ஒதுங்கிய கடையில் தேநீருக்குச் சர்க்கரை போடச் சொல்ல வேண்டும்: லோக்-6 தோங்-4. மாடியிலிருந்து கீழே போவதும் லோக்-6 லவ்-2. பயணி இறங்குகிறார், மழை விழுகிறது, சர்க்கரை விழுகிறது. நான்கு வாக்கியமும் கைவசமானால் சொல்லின் உருவம் மனதில் தானாகவே எழும். வெறும் "இறங்கு" என்று படித்தவருக்குச் சர்க்கரை கேட்கும்போது இந்தச் சொல் நினைவுக்கே வராது.

ஒலியும் இடம் பார்த்து மாறும். சர்க்கரை தோங்-4, அதே எழுத்தை மிட்டாய் என்ற பொருளில் எழுதினால் தோங்-2. பேசுவது வா-6; மொழி என்று பெயர்ச்சொல்லாக வந்தால் வா-2. காது கொடுத்துக் கேட்பதற்கு உரிய எழுத்து தெங்-1. அதே எழுத்து 'நாளை' என்ற சொல்லில் வரும்போது திங்-1 யட்-6. எழுத்தகராதி பெரும்பாலும் மூலத் தொனியை முதலில் தருகிறது. கணினிக் குரல்கள் சில வேளை அதையே படித்தும் காட்டிவிடுகின்றன. மனிதக் குரலில் பதிவான வாக்கியம்தான் இதற்கு நம்பகமான சாட்சி.

"சீனம் எல்லாம் ஒரே எழுத்து, வாசிப்பு மட்டும்தான் வேறு"

"அவர் நாளை வருகிறார்." எழுத்து வழக்கிலுள்ள சீன வாக்கியத்தைக் காண்டனீஸ் உச்சரிப்பில் படித்தால்: தா-1 மிங்-4 தின்-1 லோய்-4. ஹாங்காங்கில் ஒருவர் வாய்திறந்து சொல்வது: கொய்-5 திங்-1 யட்-6 லய்-4. அவர் என்ற சொல், நாளை என்ற சொல், வருவது என்ற சொல் மூன்றுமே வேறு. முதல் வாக்கியம் பிழையற்றது, ஆனால் எந்த வீட்டிலும் யாரும் பேசாதது.

ஆகவே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் கையில் கிடைத்ததும் முதல் வேலை, அது பேச்சு வாக்கியமா, எழுத்து வாக்கியத்தின் வாசிப்பா என்று பார்ப்பது. 'தா' வந்தால் எழுத்து. 'கொய்' வந்தால் பேச்சு. 'ஆம், அதுதான்' என்ற இடத்தில் ஸி-6 வந்தால் எழுத்து, ஹய்-6 வந்தால் பேச்சு. 2014 முதல் தன்னார்வலர்கள் தொகுத்துவரும் 'யூட்தின்' என்ற அகராதி பேச்சு வழக்கிலேயே வாக்கியங்களை எழுதி யூட்பிங்கும் தருகிறது. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பாட்டுக் கேட்டுக் கற்கலாம் என்பவர்களுக்கும் இதே பதில். காண்டனீஸ் திரைப்பாடல்களும் மெல்லிசைப் பாடல்களும் பெரும்பாலும் எழுத்து வழக்கில் இருப்பவை. சொற்களை அங்கிருந்து எடுத்துக் கடைத்தெருவில் பேசினால் விநோதமாக இருக்கும். தொனியைக் கேட்க மட்டும் அவை அருமையானவை. மெட்டும் தொனியும் ஒத்துப்போக வேண்டும் என்பது பாடலாசிரியர்களின் கட்டாய விதி. மெட்டின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் பூஜ்யம், இரண்டு, நான்கு, மூன்று (லிங்-4, யீ-6, ஸேய்-3, ஸாம்-1) என்ற நான்கு எண்களால் குறித்துக்கொண்டு வரி எழுதுவார்கள். தாழ்விலிருந்து உயரம் வரை நான்கு படிகள் அவை.

"கடைசியில் வரும் ஆ, வோ எல்லாம் வெறும் ஒட்டு"

இந்த நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கு வருத்தமே வருகிறது. தமிழர்கள் மற்ற யாரையும்விட எளிதாகக் கையாளக்கூடிய பகுதி இது.

அதே "நாளை வருகிறார்" வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கொய்-5 திங்-1 யட்-6 லய்-4 என்பதன் முடிவில் வோ-5 சேர்த்தால் "நாளைக்கு வர்றாராம்". பிறர் சொல்லக் கேட்டது, என் பொறுப்பில்லை. வோ-3 சேர்த்தால் "நாளைக்கு வர்றாரே!", நினைவூட்டலும் லேசான வியப்பும். குவா-3 சேர்த்தால் "வருவாரோ என்னவோ". மே-1 சேர்த்தால் "வர்றாரா என்ன?", நம்பிக்கையின்மை. ஆ-4 சேர்த்தால் "ஓ, நாளைக்கா வர்றார்?" ஆங்கிலப் பாடநூல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் ஆம், ஏ, ஓ, ஆ என்று ஓரசையில் முடிந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது, இந்த ஒட்டுகளுக்கும் தொனி உண்டு என்பது. வோ-5, வோ-3 இரண்டுக்கும் நடுவே கேள்விப்பட்ட செய்தியும் கண்ட செய்தியும் இடம் மாறிவிடும். இவற்றைத் தனிச்சொல்லாகப் படிக்க வழியே கிடையாது, ஏனென்றால் தனியாக நின்றால் இவற்றுக்குப் பொருளே இல்லை. முழு வாக்கியத்தைச் சொல்லி, கடைசி அசையை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்வதே பயிற்சி. "ஸிக்-6 ஜோ-2 ஃபான்-6 மேய்-6 ஆ-3?" சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்பது போலவே அவர்களும் நலம் விசாரிப்பார்கள். கடைசி ஆ-3 இல்லாமல் கேட்டால் அது விசாரணை போலக் கறாராக ஒலிக்கும்.

"'நேய்' சரி, 'லேய்' தவறு"

நீ என்பதற்கு அகராதி நேய்-5 என்று தரும். ஹாங்காங் தெருவில் பெரும்பாலும் லேய்-5 என்றுதான் கேட்கும். இதைச் 'சோம்பல் ஒலி' என்று கண்டிப்பவர்கள் உண்டு. பேராசிரியர் ஹோ மான் வுய் 1008-ஆம் ஆண்டின் 'குவாங்யுன்' என்ற ஒலியகராதியை ஆதாரமாகக் கொண்டு சரியான உச்சரிப்புக்காகப் பிரசாரம் செய்தார். அதன் தாக்கம் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பு வரை எட்டியது. நிறுவனம் என்ற சொல்லைப் பொதுமக்கள் மூச்சொலியோடு கேய்-1 கவ்-3 என்று முடிக்க, செய்தி வாசிப்பாளர் மூச்சொலி இல்லாமல் முடிப்பதை இன்றும் கேட்கலாம்.

மொழி மாறாமல் நின்ற காலம் கிடையாது. ராபர்ட் மாரிசன் 1828-இல் மக்காவில் காண்டனீஸ் சொற்றொகுதி வெளியிட்டார். எலைஜா பிரிட்ஜ்மன் 1841-இல் அங்கேயே வெளியிட்ட பெரிய நூலில் பாடங்கள் வாக்கியம் வாக்கியமாக அமைந்தவை. கற்பிப்பதற்காக அன்று எழுதிய அந்த எளிய வாக்கியங்கள்தான் அக்காலப் பேச்சு எப்படி இருந்தது என்பதற்கு இன்று மொழி வரலாற்றாசிரியர்களின் முக்கியமான சான்று. கற்கிறவர் நேய், லேய் இரண்டையும் காதில் ஒன்றாக ஏற்கப் பழக வேண்டும். பேசும்போது நேய் என்றே தொடங்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"நூறு வாக்கியம் மனப்பாடம் செய்தால் பேச்சு வந்துவிடும்"

மனப்பாடம் செய்த வாக்கியம் உறைந்து கிடக்கும். அதை உடைத்துப் பொருத்தினால்தான் பயன். மினிபஸ் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் முதலில் காதால் கேளுங்கள். கேட்டதை எண்களாக மட்டும் எழுதுங்கள்: 1, 2, 5, 6. பிறகு விடையோடு ஒப்பிடுங்கள்; எந்த எண் தவறியதோ அந்த அசையை வாக்கியத்தோடு சேர்த்தே மறுபடி கேளுங்கள். அடுத்து இடத்தை மட்டும் மாற்றுங்கள். தெருமுனைக்குப் பதில் சின்-4 மின்-6 (முன்னால்), அடுத்து பா-1 ஸி-2 ஜாம்-6 (பஸ் நிறுத்தம்). யவ்-5 லோக்-6 அப்படியே நிற்கட்டும். முன்னால் வரும் சொற்களின் தொனி எப்படி மாறினாலும் இந்த இரண்டும் தம் உயரத்திலிருந்து நழுவாமல் வரும்வரை சொல்லுங்கள். வந்துவிட்டால், முடிவில் ம்-4 கோய்-1 சேர்த்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கும்போதும் சிறு உதவிக்கு நன்றி சொல்லும்போதும் அதே சொல்தான்; பரிசு வாங்கினால் மட்டும் தோ-1 ஜே-6 என்று வேறு சொல் உண்டு. அதை நாலைந்து வாக்கியங்களில் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.